மிஷன் வீதி முனையில் திரும்பாத விரல்

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். புதுச்சேரி உழவர்கரையில் ஒரு வீட்டின் பூட்டை நான் வெளியிலிருந்து திறந்தேன். பயப்பட வேண்டாம், திருடப் போகவில்லை. பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரிந்தே வெளியே தொங்கும் பூட்டைத் திறப்பது எனக்கு அதுதான் முதல் முறை. சாவியைத் திருப்பும்போது கை கொஞ்சம் கூசியது.

அந்த வீட்டுக்கு நான் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் கருவடிக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆனது, ஒத்துவரவில்லை, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அதெல்லாம் பழைய கதை. அக்கா பிரான்சில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். அங்கே எவ்வளவு குளிர் என்று அவள் சொல்வாள், இங்கே எவ்வளவு புழுக்கம் என்று நான் சொல்வேன், அத்தோடு அந்த வாரம் முடிந்தது. என் வேலை பாடம் தயாரிப்பது. பள்ளிக்கூடப் பாடம் இல்லை. கண் தெரியாதவர்கள், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், இப்படி எல்லாருமே தொட்டுப் பார்த்துக் காதால் கேட்டுக் கற்றுக்கொள்ளும்படியான பாடங்கள். ஆபீஸ் சென்னையில். பாடம் என்ன பேச வேண்டும் என்று எழுதுவதும் நான், அதைப் பேசிப் பதிவு செய்வதும் நான்.

இதற்கு ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. பீரோ கதவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குள் தலையையும் மைக்கையும் நுழைத்துக்கொண்டு பேசுவேன். துணி எதிரொலியை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நாப்தலின் வாடையில் தலை வலிக்கும். மொட்டை மாடிச் சுவரில் ஒரு காக்கை உண்டு, நான் வாயைத் திறக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அதுவும் திறக்கும். சில நாள் அந்தப் பீரோவிடம் பேசியதுதான் அன்று நான் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும். அதனால்தானோ என்னவோ, பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் தெரிந்த விலையையே இரண்டாம் தரம் கேட்பேன். கத்திரிக்காய் விற்கிற அம்மாவுக்கு என்னைக் கண்டாலே சலிப்பு. சலித்துக்கொண்டாவது நாலு வார்த்தை பேசுவார், அது போதும் எனக்கு.

அந்த வருடம் நாங்கள் தயாரித்தது ஒரு தெருப் பாடம். நடுத்தர வயதில் பார்வை போனவர்களுக்கானது. டேப் என்கிற கையடக்கக் கணினியின் திரை மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதில் நம் ஊர்த் தெருக்கள் எல்லாம் மேடான கோடுகளாக இருக்கும். மார்க்கெட் இருக்கும் இடம் சொரசொரவென்று, பெரிய வாய்க்கால் அலை அலையாக. விரலை வைத்துக்கொண்டு போனால் டேப் வழி சொல்லும். மார்க்கெட் வாசலில் ஆரம்பித்து, நேரு வீதியில் நேராக வந்து, மிஷன் வீதி முனையில் இடது பக்கம் திரும்பி, மருந்துக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். விரல் தப்பில்லாமல் போய்ப் பழகிய பிறகுதான் பார்வை இழந்தவர்களுக்கான பயிற்சி மையத்தில் கையில் வெள்ளைக் கோலைக் கொடுத்து நிஜத் தெருவுக்கு அழைத்துப் போவார்கள்.

ஆபீசில் ஒரு விதி வைத்திருந்தோம். 'தப்பு' என்ற சொல்லே வரக்கூடாது. கண் போன அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாத மனிதர்கள், அவர்களிடம் போய்த் தப்பு தப்பு என்று மணி அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். விரல் வழி மாறினால் ஆறுதலாகப் பேசி, பொறுமையாகத் திரும்ப அழைத்து வர வேண்டும். கேட்டதையே கேட்டால் அலுக்கும் என்று அதை விதவிதமாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். சரியாகப் போனால் 'சரி' என்று ஒரு சொல், அவ்வளவுதான். சரியாகச் செய்கிறவருக்கு வளவளவென்று பேச்சு எதற்கு, அவர் நேரத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒருவருமே அதை மறுத்துப் பேசவில்லை, நானும்தான்.

அந்த ஆறுதல் பேச்சுகளைத் தீபாவளிக்கு மறுநாள் பதிவு செய்தேன். தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் முடியாது. முதல் நாள் முழுக்க யாரும் வரவில்லை, நானும் எங்கும் போகவில்லை. கீழ் வீட்டிலிருந்து ஒரு தட்டில் முறுக்கு வந்தது. மறுநாள் பீரோவுக்குள் தலையை விட்டு, எழுதி வைத்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். "பரவாயில்லைங்க, இது வாய்க்கால் பக்கம் போற வழி. அவசரமே இல்லை. திரும்ப முனைக்கே வரலாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதாத ஒரு வரி வாயில் வந்துவிட்டது. "நான் இங்கதான் இருக்கேன்." கேட்டுப் பார்த்தபோது அது நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கு யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது வேறு விஷயம்.

பாடம் பலர் கைக்குப் போனது. யார் விரல் எங்கே போனது என்பது சென்னையில் கணினியில் தெரியும். பொங்கல் கழிந்ததும் ஆபீசில் இருந்து போன் வந்தது. எல்லாரும் கொஞ்ச நாளில் பழகிவிட்டார்களாம். புதுச்சேரியிலேயே ஒரே ஒரு டேப்பில் மட்டும், நாள் தவறாமல், விரல் மிஷன் வீதி முனை வரை அழகாக வந்து அங்கே திரும்பாமல் நேராக வாய்க்காலுக்குப் போய்விடுகிறதாம். அந்தத் தாளில் முனை சரியாக மேடு தட்டவில்லையோ, இல்லை சர்க்கரையால் அவர் விரல் மரத்துப்போயிருக்கிறதோ என்று அவர்களுக்குச் சந்தேகம். நீதான் உள்ளூரில் இருக்கிறாய், போய்த் தாளைப் பார்த்துவிட்டு வா என்றார்கள்.

மையத்துக்குப் போன் செய்தேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் விவரம் சொன்னார். ஐம்பது தாண்டிய அம்மாளாம். கணவர் மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு ரொம்ப நாள் உயிரோடு இல்லை. இவர் தையல் யூனிட்டில் வேலை பார்த்து மகனை ஆளாக்கினார். பிறகு சர்க்கரை கண்ணில் கை வைத்துவிட்டது. மகனும் மருமகளும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒரு தரம் இவர் தனியாக வெளியே வந்து சைக்கிளில் மோதி விழுந்ததிலிருந்து, பயந்துபோய் வீட்டை வெளியில் பூட்டிவிட்டுப் போகிறார்கள். மையத்தில் பாஸ் என்று சொன்னால் அன்றைக்கே சாவியை அம்மா கையில் கொடுத்துவிடுவதாக மகன் சொல்லியிருக்கிறாராம். ஆனால் டேப்புகள் குறைவு, காத்திருக்கிறவர்கள் அதிகம். இந்த வாரத்துக்குள் தேறாவிட்டால் டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தனியாக நடக்க இயலாதவர் என்று எழுதிவிடப் போவதாகச் சொன்னார். அவர் குரலிலும் வருத்தம்தான் இருந்தது.

இப்படித்தான் அந்தப் பூட்டின் முன்னால் போய் நின்றேன்.

கதவைத் தள்ளி, "அக்கா, வணக்கம்க்கா. சென்டர்ல இருந்து அனுப்பினாங்க" என்றேன்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். நன்றாகத் தலை வாரி, பொட்டு வைத்து, எங்கோ கிளம்பத் தயாராக இருப்பவர் மாதிரி இருந்தார். மடியில் டேப். முகம் முழுக்கச் சிரிப்பாக, "நீயா? வாம்மா. இன்னிக்கு நேர்லயே வந்துட்டியா" என்றார்.

என் பெயர் அவருக்குத் தெரியாது, அவரை நான் பார்த்ததும் இல்லை. ஆனால் வெகுநாள் பழகினவளை வரவேற்பதுபோல அந்த 'வாம்மா' வந்தது. என்னை அப்படி யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆனது என்று யோசித்தபடியே செருப்பைக் கழற்றினேன். பிளாஸ்கில் காபி இருக்கிறது, நீயே ஊற்றிக்கொள் என்றார். கேஸை மருமகள் பூட்டி வைத்துவிட்டுப் போகிறாளாம். அவளைக் குறை சொல்லவில்லை, நல்ல பெண்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

தாளைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முனை கல் மாதிரி தெளிவாக இருந்தது. எங்கே, ஒரு தரம் போய்க் காட்டுங்கள் என்றேன். அவர் மார்க்கெட் வாசலில் விரலை வைத்தார். நேரு வீதியில் விரல் தயக்கமே இல்லாமல் போனது. மிஷன் வீதி முனையில் நின்றது. இடது பக்கம் திரும்பியது. மருந்துக் கடையில் போய் உட்கார்ந்தது.

"சரி" என்றது டேப், என் குரலில். பிறகு ஒன்றுமில்லை.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ தரம் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டு அமைதியில் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. கவுன்ட்டரில் டோக்கன் கொடுக்கிறவர், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொல்வாரே, அப்படி இருந்தது.

"கேட்டியா?" என்றார். "சரியா போனா ஒத்த வார்த்தை. அதோட நீ போயிடற. தப்பா போனாதான் நின்னு பேசற."

அது நான் இல்லை அக்கா, எப்போதோ பதிவு செய்து வைத்தது என்று அசடு வழிந்தேன். அது தனக்குத் தெரியாதா என்று சிரித்தார். டிவியில் பேசுகிறவர்கள் தனக்காகவா பேசுகிறார்கள், அது மாதிரிதான் என்றார். ஆனால் டிவி இவருடைய விரலைப் பார்த்துப் பேசாது. இது பேசும். ஒரு நாள் 'அவசரமே இல்லை' என்று வரும், ஒரு நாள் 'மெதுவா வாங்க' என்று வரும். 'நான் இங்கதான் இருக்கேன்' எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. அது வருகிற வரைக்கும் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டே இருப்பாராம். வந்தால் அன்றைக்குப் போதும் என்று டேப்பை மூடி வைத்துவிடுவார்.

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்திரிக்காய் விலையை இரண்டு தரம் கேட்கிறவளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"சாவி வேணாமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணும்தான்" என்றார். பிறகு மெதுவாக, "தேறிட்டா இதைத் திருப்பிக் குடுக்கணுமாமே. வெளியில போனா அங்க நீ இருக்க மாட்ட இல்ல" என்றார்.

மையத்தில் சொன்னதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தேறினாலும் டேப் போகும், தேறாவிட்டாலும் இந்த வாரம் போகும், கூடவே சாவியும் போகும் என்று சொல்லிவிட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் சுருங்கிப் போனது. கை டேப்பை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வெளியே குக்கர் பழுது பார்க்கிறவர் கூவிக்கொண்டு போனார்.

நீங்கள் தேறிவிடுங்கள், முதல் நாள் தெருவில் நடக்கும்போது நான் கூட வருகிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

"நெசமாவா? இதுல சொல்ற மாதிரி இல்லையே?"

"நெசமாதான்க்கா."

கிளம்பும்போதுதான் பூட்டு ஞாபகம் வந்தது. திறந்தவள் நான்தானே, பூட்ட வேண்டியவளும் நான்தான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கை போகவில்லை. உள்ளேயிருந்து, "பூட்டிட்டுப் போம்மா, இல்லன்னா பக்கத்து வீட்டம்மாவுக்கு வம்பு" என்று குரல் வந்தது. பூட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடிக்காமல் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டபோது, அந்தச் சத்தமும் உழவர்கரைப் பூட்டின் சத்தம் மாதிரியேதான் கேட்டது.

ஆபீசுக்குத் தாளில் குறை இல்லை என்று மட்டும் எழுதினேன். மறுநாள் காலை போன் செய்து, அந்த டேப் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விரல் மார்க்கெட்டிலிருந்து மருந்துக் கடைக்கு ஒரு பிசகும் இல்லாமல் போயிருக்கிறது, திரும்பத் திரும்ப அப்படியே போயிருக்கிறது என்றார்கள். என்ன செய்தாய் என்று ஆச்சரியப்பட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை தரமும் அந்த வீட்டில் 'சரி', 'சரி' என்று என் குரல் ஒற்றைச் சொல்லாக விழுந்திருக்கும் என்று நினைத்தபோது அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை.

அன்றைக்கே ஆபீசில் சண்டை போட்டேன். வழி மாறுகிறவருக்கு மட்டும்தானா துணை, ஒழுங்காகப் போகிறவர் கூடவும் கொஞ்ச தூரம் போனால் என்ன என்று கேட்டேன். வேகமாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எரிச்சல் வரும் என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் செய்வது என்பது பேச்சுக்குத்தான் சுலபம். கடைசியில், பேச்சு வேண்டும் என்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மறுபடி பீரோவுக்குள் தலையை விட்டேன். "ஆங், நானும் வரேன், போலாம்." "முனை வந்தாச்சு, பக்கத்துலதான் இருக்கேன்." காக்கை அன்றைக்கு ஏனோ கத்தவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை நேரம், மார்க்கெட் வாசலில் அவரும் நானும் நின்றோம். பயிற்சிப் பெண் கொஞ்சம் பின்னால். கிளம்பும் முன் அந்தப் பயிற்சிப் பெண் ஒரு நிபந்தனை போட்டார். நான் பக்கத்தில் நடக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. வண்டி வரும் சத்தம், முனையில் காற்று மாறுவது, இதையெல்லாம் அந்த அம்மாள் தானாகக் கேட்டுப் பழக வேண்டுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேசுவதற்காகவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவளை ஊமையாக நடக்கச் சொல்கிறார்.

நடந்தோம். கோல் தரையில் தட்டித் தட்டிப் போனது. நேரு வீதியில் அந்த நேரத்துக்கே நெரிசல். துணிக்கடை வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள், சரக்கு இறக்குகிறவர்கள், ஹாரன். அம்மாளின் தோள் விறைத்துக்கொண்டே வந்தது. நான் ஓர் அடி தள்ளி, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தேன்.

மிஷன் வீதி முனை வந்தது. நின்றார். திரும்ப வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் திரும்பவில்லை, நேராகவும் போகவில்லை. பின்னால் வந்த ஆள் ஒருவர் உச்சுக்கொட்டிவிட்டு விலகிப் போனார். அம்மாளின் முகம் வெளிறியது. அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். உட்கார்ந்தால் அவ்வளவுதான், திரும்பவும் அந்தப் பூட்டுதான். பயிற்சிப் பெண் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பேசாதே என்று.

அம்மாள் தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்து, "இருக்கியா?" என்றார்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

பீரோ இல்லை, கம்பளி இல்லை, நாலா பக்கமும் ஹாரன். அந்த வரியை நான் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அப்போதுதான். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. கோலை இடது பக்கம் வீசிப் பார்த்தார், திரும்பினார், மருந்துக் கடை வரை எங்கும் நிற்காமல் நடந்தார். பயிற்சிப் பெண் வந்து என்னைத் திட்டினார். திட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாவி இப்போது அந்த அம்மாளின் இடுப்பில் இருக்கிறது. டேப் வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. அம்மாள் முதலில் கொஞ்ச காலம் அடிக்கடி போன் செய்தார், மார்க்கெட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. கோயிலுக்குப் போகவும் சீட்டுப் பிடிக்கவும் நாலு சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள், என்னோடு பேச அவருக்கு ஏது நேரம்? அதற்காகத்தானே இத்தனையும் செய்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டாலும் போனைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இன்றைக்கும் மார்க்கெட் பையோடு நேரு வீதியில் வருவேன். மிஷன் வீதி முனையில் இடது பக்கம் திரும்பினால்தான் என் வீட்டுக்குப் போகும் பஸ். சில நாள் திரும்புவதில்லை, நேராக வாய்க்கால் வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். வழி தப்பிப் போகிறவர்களைக் கூப்பிட்டுத் திருத்தத்தான் எல்லாரும் இருக்கிறோம், ஒழுங்காக வீடு போய்ச் சேருகிறவரிடமும் 'நான் இங்கதான் இருக்கேன்' என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்பதை அந்த அம்மாளின் விரல்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, அதைக் கேட்க வேண்டிய வரிசையில் நானும் நிற்கிறேன் என்பது அந்த வாய்க்கால் கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தெரிகிறது.